தானிலோவின் மார்ச் மாதம்

இந்த வருடம் பிப்ரவரி முடிவதற்குள்ளேயே ஏசியைப் போட்டுவிட்டேன். குவைத்தின் ஃபஹாஹீலில் பாதி ஆயுளை ஏசி வேலையில் கழித்தவன் சொல்கிறேன், இது பெரிய அநியாயம். குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த ஏசியை முதல் தடவை போடும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள், ஈரத் தூசியும் பழைய சாக்கும் கலந்த மாதிரி. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அதுதான் வசந்தகாலம். சிரிக்காதீர்கள். உங்களுக்கு மாம்பூ வாசனை என்றால் எனக்கு அடைத்துப்போன ஃபில்டர். தலையெழுத்து அப்படி.

அப்போதெல்லாம் இங்கே மார்ச் என்று ஒரு மாதம் நிஜமாகவே இருந்தது. கம்பளியும் வேண்டாம், ஏசியும் வேண்டாம். தொழிலாளர் கேம்ப் ரூமின் ஜன்னலைத் திறந்துவிட்டால் கடல் காற்று தாராளமாக உள்ளே வரும். பக்கத்து ரூமில் பெங்காலிகள் மீன் பொரிப்பதும், மாடியில் யாரோ பாட்டுக் கேட்டபடி துணி துவைப்பதும் அந்த ஜன்னல் வழியாகத்தான் எங்களுக்குத் தெரியவரும். வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டிலில் சாய்ந்தால், திரைச்சீலை உப்பி உப்பி அடங்குவதைப் பார்த்துக்கொண்டே கண் சொருகும். அடடா, என்ன தூக்கம் அது!

மற்ற நாட்களில் ஏசிக்காரனுக்கு அந்தச் சுகம் ஏது? ஊரே ஜன்னலைத் திறந்துவைத்திருக்கும் அந்த வாரங்களில்தான், கோடைக்கு முன்னால் கட்டிடம் கட்டிடமாக ஏறி ஃபில்டர் கழுவி, கேஸ் பார்த்து, எல்லா ஏசியையும் தயார் செய்ய வேண்டும். அதனால் மார்ச், ஏப்ரலில் எங்களில் யாருக்கும் லீவு கிடையாது. எங்கள் ஃபோர்மேன் தூத்துக்குடிக்காரர். அண்ணாச்சி என்போம். "லேய், மார்ச்சுல லீவு கேக்கவன் ஏசிக்காரனாலே? கல்யாணம்னாலும் ஜனவரியில வையி" என்பார். அவர் சொன்னபடி ஜனவரியில்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன்.

என்னோடு ஜோடியாக வேலை பார்த்தவன் தானிலோ. பிலிப்பைன்ஸ்காரன். வளைகுடாவில் பிலிப்பைன்ஸ்காரர்களை எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி நாங்களும் அவனைக் கபாயன் என்போம். பசிபிக் பெருங்கடலின் ஓரத்தில், படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு சின்னத் தீவு அவன் ஊர். எங்கள் பேச்சு பாதி இந்தி, பாதி ஆங்கிலம், மீதி கைஜாடை. உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

மொட்டைமாடியில் டீ குடிக்கும்போது அவன் தீவைப் பற்றித்தான் பேசுவான். "எங்க தீவுல ஸ்பிரிங்னு ஒண்ணு கிடையாது, பாய். மழை, இல்லேன்னா கொஞ்சம் மழை. ஆனா மார்ச் பாதியில வடகிழக்குக் காத்து நின்னுடும். கடல் அசையாம கிடக்கும். பகல்ல வெயில், சாயந்திரம் ஒரு தூறல், அப்புறம் மண்ணுலேருந்து ஆவி கிளம்பும். தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், கீழே உன் கால் விரலையே பாக்கலாம்." கேட்டுக்கொண்டே இருந்தால் எதிரே தெரியும் எண்ணெய்க் கிணற்றுப் புகைகூடத் தீவின் மேகமாகத் தோன்றிவிடும். டீ ஆறிப்போகும்.

அவனுக்கு ஒரு மகள், ஜோய். ஒன்பது வயது. தீவில் பிறந்த பிள்ளைக்கு நீச்சல் தெரியாது. அவன் வீட்டு வழக்கப்படி நீச்சலை அப்பாதான் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம், அதுவும் கடல் அமைதியாக இருக்கும் அந்தச் சில வாரங்களில். இவனுக்கோ டிசம்பரில்தான் லீவு. டிசம்பரில் அந்தக் கடல் பேயாட்டம் ஆடும். ஒரு தடவை படகே ஓடவில்லை. அக்கரையில் நின்று தன் தீவைக் கண்ணால் பார்த்துவிட்டு, லீவு தீர்ந்து அப்படியே திரும்பி வந்தான். "பக்கத்து வீட்டுப் பையன் முழுகிப் போயிட்டான், பாய். ஜோய் வயசுதான்" என்று ஒரு நாள் சொன்னான்.

மறுநாளே அண்ணாச்சியிடம் போய் நின்றேன். "அவன மார்ச்சுல ஊருக்கு விட்டுருங்க அண்ணாச்சி. மார்ச் சர்வீஸ பிப்ரவரியிலேயே முடிச்சிருதோம்."

"குளிருல எவம்லே ஏசியத் தொறக்க விடுவான்?"

"நாங்க பேசிக்கிடுதோம்."

"முடிச்சிட்டா போகட்டும். முடிக்கலேன்னா ரெண்டு பேரும் ஏங்கிட்ட லீவுன்னு வாயத் தொறக்கப்பிடாது."

பிப்ரவரிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் ஃபில்டர் கழுவியிருக்கிறீர்களா? விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு எகிப்துக்கார அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்து, "மஜ்நூன்! பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்தினாள். தானிலோ போனை எடுத்து மகளின் படத்தைக் காட்டி, நீந்துகிற மாதிரி கையை வீசினான். அந்த அம்மா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எங்களை உள்ளே விட்டாள். வெந்நீரும் கொடுத்தாள். அதற்கப்புறம் எல்லாக் கதவிலும் அதே வித்தைதான். முடித்துவிட்டோம். மார்ச் நடுவில் அவன் விமானம் ஏறினான்.

அவன் போன வாரமே வந்தது பாருங்கள் ஒரு தூசிக் காற்று! மார்ச்சில் தூசி வரும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தூசி அடங்கிய பிறகுதான் ஃபில்டர் கழுவ வேண்டும் என்பது ஏசிக்காரனுக்கு அரிச்சுவடி. அவசரத்தில் எங்கள் புத்தி புல் மேயப் போயிருந்தது. கழுவியது அத்தனையும் பாழ். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் நான் தனியாளாக மறுபடி கழுவினேன், எனக்குத் தெரிந்த நாலு பாஷையிலும் தானிலோவைத் திட்டிக்கொண்டே.

அந்த எகிப்துக்கார அம்மா வீட்டு மாடியில் முகமெல்லாம் சேறாக உட்கார்ந்திருந்தபோது தானிலோவின் போன் வந்தது. "பாய், இன்னைக்கு ஜோய் என் கைய விட்டுட்டா!" என்று கத்தினான். "நான் இடுப்பளவு தண்ணியில நின்னு வயித்தத் தாங்கிப் பிடிச்சிருந்தேன். அவளே கைய விட்டுட்டுப் போயிட்டா!" பின்னால் ஒரு பிள்ளை சிரிக்கிற சத்தம், தண்ணீர் அடிக்கிற சத்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது. கீழே போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். அவளும் அழுதாள்.

இப்போது தானிலோ ஊரோடு போய்விட்டான். அண்ணாச்சியும் இல்லை, கேம்ப் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டிடம், அதற்குத் திறக்கிற ஜன்னலே வைக்கவில்லை. போன வாரம் தானிலோவைக் கூப்பிட்டுப் பேசினேன். புயலுக்குமேல் புயல் வந்து கடல் கரையைத் தின்றதால், தீவு ஜனத்தை அக்கரைக்குக் குடியேற்றிவிட்டார்களாம். ஜோய் ஒரு ஹோட்டலில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறாளாம். போன மார்ச்சில் அப்பாவும் மகளும் படகு பிடித்துத் தீவைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"வெயில் அதேதான், பாய். கடலும் அதே மாதிரி அசையாமத்தான் கிடந்துச்சு. நான் நின்னு அவளைப் பிடிச்ச இடத்தத் தேடி எறங்கினேன். ஜோய் பக்கத்துலயே நீந்திட்டு வந்தா. அங்க இப்போ எனக்குக் கால் எட்டல, பாய்."