மிச்சமிருந்த ஒரு ரைட்டு

வில்ஃப் சக்டன் வாயை மூடிக்கொண்டிருந்து பார்த்தவர்கள் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கத்துத் தார்ன்ராய்டு ஊரில் யாரும் கிடையாது. பள்ளத்தாக்கின் அடியில் இருந்த கம்பளி மில்லிலிருந்து மேட்டுச் சந்தை வரை ஏறி இறங்கும் பஸ்ஸில் அவர் கண்டக்டர். டிக்கெட்டோடு சேர்த்து நாலு பேச்சும் கொடுத்தால்தான் அவருக்குத் திருப்தி. "உன் கோழி முட்டை போடுதா, இல்ல இன்னும் வேலைநிறுத்தம்தானா?" என்று ஒருத்தியிடம் கேட்பார். மழைக்கோட்டு இல்லாமல் ஏறியவனிடம், "வானத்து மேல அவ்வளவு நம்பிக்கையாய்யா உனக்கு?" என்பார். இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறியதும் "ரைட்டு" என்று ஒரு குரல் கொடுத்து மணியடிப்பார். பஸ் நகரும்.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி எனிட் மில்லில் தறி ஓட்டியவள். அந்த இரைச்சலில் பேச்சு காதில் விழாது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். "பகல் பூரா தறிச் சத்தம், வீட்டுக்கு வந்தா உன் சத்தம். தறியையாவது நிறுத்தி வைக்கலாம்" என்பாள். பெண் ஜில் கல்யாணமாகி லீட்ஸுக்குப் போன பிறகு அந்தச் சத்தம் முழுக்க எனிட் ஒருத்திக்கே வந்து சேர்ந்தது.

ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தோட்டத்துக்கு வேலை செய்யப் போன வில்ஃப் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வரவில்லை. எனிட் தேடிக்கொண்டு போனபோது பாத்திகளுக்கு நடுவில், வலது கன்னம் மண்ணில் பதிய விழுந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாய் கோணியது. சத்தம் வரவில்லை.

பக்கவாதம் என்றார்கள். கோடை முடியும்போது வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கை தொங்கிப்போயிருந்தது. வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. கணக்கு, மனிதர்கள், யார் எந்த ஸ்டாப்பில் இறங்குவார்கள் என்பதெல்லாம் அப்படியே இருந்தது. பேச்சுதான் போய்விட்டது. எழுத்தும் கூடவே போயிற்று. இவ்வளவு பேச்சு பேசிய மனுஷனிடம் மிச்சம் நின்றது ஒரே ஒரு வார்த்தை. ரைட்டு.

"டீ வேணுமா?"

"ரைட்டு."

"பால் ஊத்தவா?"

"ரைட்டு."

முதல் வாரம் எனிட்டுக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. எதைக் கேட்டாலும் சரி என்கிறாரே. ஆனால் பாலை ஊற்றியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொரு "ரைட்டு" சொல்வார். அதற்கு, இத்தனை பாலா ஊற்றுவாய் என்று அர்த்தம்.

நல்ல காலம், அந்த வார்த்தை ஒன்றும் சாதாரண வார்த்தை இல்லை. சரி என்பதற்கு அதுதான், வலது பக்கத்துக்கும் அதுதான். நியாயம், உரிமை இரண்டுக்கும் அதுதான். கிளம்பலாமா, அப்படியா சங்கதி, போதும் நிறுத்து எல்லாம் அதிலேயே அடங்கும். யார்க்‌ஷயர்க்காரர்கள் 'ரொம்ப' என்பதற்கும் அதையே சொல்வார்கள். ரொம்பக் குளிர் என்றால் ரைட் குளிர். வார்த்தை ஒன்று, ராகம்தான் வேறு வேறு. உதட்டையும் கண்ணையும் பார்த்துப் பேச்சைப் பிடித்துப் பழகிய எனிட், ஒவ்வொரு ராகமாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். நீளமாக இழுத்தால் சந்தேகம். குட்டையாக வெட்டினால் கோபம். கடைசியில் கொஞ்சம் மேலே தூக்கினால், சொல்லு சொல்லு, அப்புறம் என்ன ஆச்சு என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டு மிஸஸ் கிராப்ட்ரீக்கு இது மிகவும் தோதாகப் போயிற்று. தன் மருமகளைப் பற்றி மணிக்கணக்கில் சொல்லிவிட்டு எழுந்து போகும்போது, "உன் புருஷன் மாதிரி ஒரு நல்ல மனுஷன் கிடையாது எனிட். நான் சொன்னது ஒவ்வொண்ணும் சரின்னுட்டாரு" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு எனிட் திரும்பினாள். வில்ஃப் கண்ணை மேலே செருகி, "ரை...ட்டு" என்றார். இருவரும் சிரித்துச் சிரித்து எனிட்டுக்கு விலா வலித்தது. பக்கவாதத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த வீட்டில் சிரிப்பு கேட்டது.

பஸ் டெப்போவில் கூலி உயர்வுக்குச் சங்கம் கூட்டம் போட்டபோது, பழைய சிநேகிதன் ஆஸி வந்து வில்ஃபைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான். மேனேஜர் பேசி முடித்ததும் வில்ஃப் எழுந்து நின்று, இடது கையால் மேஜையைக் குத்தி, "ரைட்டு" என்றார். அது உரிமை என்ற ரைட்டு. கூடத்தில் ஒருத்தருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று என்று ஆஸி வந்து சொன்னான்.

எல்லா நாளும் இப்படிப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கிளம்பும்போது வில்ஃப் கதவை மறித்து நின்று, ரைட்டு ரைட்டு என்று கத்தினார்.

"தொப்பியா? குடையா? அடுப்ப அணைச்சுட்டேன். என்னதான் வேணும் ராசா உனக்கு? கால் வலிக்குதா?"

எல்லாவற்றுக்கும் ரைட்டு. எனிட் பொறுமை இழந்து படியில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். அப்போது அவர் சிரமப்பட்டுக் குனிந்து, இடது கையால் அவள் கோட்டுப் பொத்தானைத் தொட்டார். பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டிருந்தாள். கோட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சரியில்லை என்று சொல்வதற்கும் அவரிடம் ரைட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. அதைத்தான் அவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க மிஸ் பிரிட்சர்ட் என்ற வேல்ஸ்காரப் பெண் வாரம் ஒருமுறை வந்தாள். அவளுக்கு ஒரு யோசனை. ஒரு வார்த்தை உயிரோடு இருக்கிறதென்றால் அதன் சொந்தக்காரர்களும் பக்கத்திலேயேதான் இருப்பார்கள், தட்டினால் கதவு திறக்கும். சரி என்பதற்கு இங்கிலீஷில் இருக்கிற மற்ற வார்த்தைகளையெல்லாம் அட்டையில் எழுதி வந்து வரிசையாக வைத்தாள். கரெக்ட், ட்ரூ, ஃபேர், குட் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்காட்டி, அவர் வாயை ஆவலோடு பார்ப்பாள். வில்ஃப் மூச்சை இழுப்பார், உதட்டைக் குவிப்பார், கழுத்து நரம்பு புடைக்கும். கடைசியில் அட்டை எதுவானாலும் அது ரைட்டாகத்தான் வெளியே வரும். ஒருநாள் அட்டைகளை மேஜையோரத்துக்குத் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"கோச்சுக்காதம்மா. உன் மேல கோபமில்ல" என்றாள் எனிட்.

"தெரியுது. இவரு இடத்துல நானா இருந்தா அட்டைய அடுப்புலயே போட்டிருப்பேன்" என்று மிஸ் பிரிட்சர்ட் அட்டைகளைப் பொறுக்கினாள். "ஆனா ஒண்ணு மிஸஸ் சக்டன். பேச்சு எப்பவும் வாசல் வழியாத்தான் வரணும்னு இல்ல. பாட்டா வரும், எண்ணிக்கையா வரும், தூக்கத்துல வரும். எது வந்தாலும் வரவேற்றுக்குங்க."

குளிர்காலத்தில், நிலக்கரி வாளியை இடது கையாலேயே தூக்கித் தூக்கி, இடது தொடை இடுக்கில் குடலிறக்கம் கண்டது. அறுவை செய்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வார்டு சிஸ்டரிடம் எனிட் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். "ஒரே ஒரு வார்த்தைதான் வரும் சிஸ்டர். அத வச்சு எதையும் முடிவு பண்ணிடாதீங்க." சிஸ்டர் தலையாட்டினாள். மறுநாள் காலையில் ஆபரேஷன். மத்தியானம் பார்வை நேரம் முடிந்ததும் வில்ஃபின் தலையைக் கோதிவிட்டு எனிட் பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் ஆஸிதான் கண்டக்டர். மேடு ஏறும்போது வந்து பக்கத்தில் நின்றான்.

"எந்தப் பக்கம்மா ஆபரேஷன்?"

"இடது பக்கம்."

"நல்லவேளை நீ சொல்லிட்டு வந்த. டாக்டர் அவன்கிட்ட எந்தப் பக்கம்னு கேட்டிருந்தா, ரைட்டுன்னுல்ல சொல்லியிருப்பான்" என்று ஆஸி சிரித்தான்.

எனிட் சிரிக்கவில்லை. ஆஸியின் சிரிப்பும் பாதியில் நின்றது.

எந்தப் பக்கம் என்று அவள் சிஸ்டரிடம் சொன்னாளா? ஒரு வார்த்தைதான் வரும் என்று சொன்னாள். பாலைப் பற்றிச் சொன்னாள், வலது கால் தடுக்கும் என்று சொன்னாள். பக்கத்தைச் சொன்ன ஞாபகமே இல்லை. டாக்டர் அனுப்பிய தாளில் இருக்கத்தான் இருக்கும். ஆனால் அவள் கிளம்பும்போது சிஸ்டர் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அடுத்து வருகிறவளுக்கு என்ன தெரியும்? புதிதாக ஒரு டாக்டர் வந்து, "ஐயா, இடதா வலதா?" என்று கேட்டால், அவர் வலது என்று திட்டவட்டமாகப் பதில் சொல்லுவார். ஏற்கெனவே வலது பக்கம் முழுக்கச் செத்துக் கிடக்கிற மனுஷன். பிரச்சினை எல்லாமே வலதில்தான் என்று யாரும் நம்பிவிடுவார்களே.

"நிறுத்து ஆஸி. நான் இறங்கணும்."

"இங்கயா? இது வெறும் மேட்டுக்காடும்மா. ஆடுதான் இருக்கு. கொஞ்சம் பொறு." ஆஸி முன்னால் ஓடி, டிரைவரின் கண்ணாடியைத் தட்டி என்னவோ கத்தினான். வளைவு தாண்டி எதிரே கீழே இறங்கும் பஸ் வந்துகொண்டிருந்தது. டிரைவர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். இரண்டு பஸ்ஸும் நடு மேட்டில் பக்கம் பக்கமாக நின்றன. ஆஸி எனிட்டின் கையைப் பிடித்து இந்தப் பஸ்ஸிலிருந்து அந்தப் பஸ்ஸுக்கு ஏற்றிவிட்டு, "வில்ஃப் பொண்டாட்டி. ஆஸ்பத்திரி வாசல்லயே இறக்கிவிடு. நடுவுல எங்கயும் வேடிக்கை பார்க்காத" என்று அந்தக் கண்டக்டரிடம் சொன்னான்.

எனிட் வார்டுக்குள் நுழைந்தபோது புது சிஸ்டர் மறித்தாள். "பார்வை நேரம் முடிஞ்சுபோச்சும்மா."

"அவரு சொல்றத நம்பாதீங்க" என்றாள் எனிட். மூச்சு வாங்கியது. "வலதுன்னு சொன்னா வலது இல்ல. இடது. இடதுதான். அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும்."

சிஸ்டர் அவள் தோளைப் பிடித்துக் கூட்டிப்போய், வில்ஃபின் கட்டிலைச் சுற்றியிருந்த திரையை விலக்கினாள். உள்ளே இளம் டாக்டர் ஒருவர் நின்றிருந்தார். வில்ஃப் அவருடைய மைப்பேனாவை இடது கையில் பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்று இருந்தார். அவர் இடது தொடைக்கு மேலே ஒரு பெரிய பெருக்கல் குறி இருந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்தை நோக்கி இரண்டு அம்புக்குறி வேறு. கோணல்மாணலாக, குழந்தை கிறுக்கியதுபோல இருந்தது. ஆனால் குருடனுக்கும் புரியும்.

"நான் எந்தப் பக்கம்னு கேட்டேன். ரைட்டுன்னாரு" என்றார் டாக்டர். "சொல்லிக்கிட்டே என் கையப் பிடிச்சு இடது பக்கத்துல வச்சாரு. தாளப் பார்த்தேன், அதுலயும் இடதுதான். சரின்னு குறி போட பேனாவ எடுத்தா, பிடுங்கிட்டாரு. உங்க மேல அவருக்கு நம்பிக்கை இல்லையா, எங்க மேல இல்லையான்னு தெரியல."

வில்ஃப் எனிட்டைப் பார்த்தார். அவள் தலைமுடி காற்றில் கலைந்து, தொப்பி ஒரு பக்கம் சரிந்து இருந்தது.

"ரைட்டு?" என்றார். உனக்கு என்ன ஆச்சு என்ற ரைட்டு.

எனிட் தொப்பியைக் கழற்றினாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தக் கிறுக்கலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டு மாதமாக அவருக்கு வாயாக இருந்தவள் அவள்தான். தான் ஒரு நிமிஷம் நகர்ந்தால் இவர் கதி என்ன என்ற பயம் இரவும் பகலும் அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. அந்தக் கல் இப்போது இறங்கியது. வார்த்தை இல்லாவிட்டாலும் மனுஷன் தன் காரியத்தைப் பார்த்துக்கொள்வார்.

"பேனாவக் குடு ராசா. டாக்டருக்கு வேற ஆளுங்களும் இருக்காங்க" என்றாள். அவர் கொடுத்துவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. ஒரு வாரம் கழித்து, எனிட் பக்கத்தில் இருக்கும்போதே, நர்ஸ் ஒருத்தி தையலுக்கு மேல் ஒட்டியிருந்த பெரிய பிளாஸ்திரியைப் பிரிக்க வந்தாள். மெதுவாக எடுத்தால் ரொம்ப நேரம் வலிக்கும் என்று ஒரே இழுப்பாக இழுத்தாள். முடியெல்லாம் கையோடு வந்தது.

"அட சனியனே!" என்றார் வில்ஃப்.

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் பிளாஸ்திரியும் கையுமாக நின்றாள். வில்ஃபே திகைத்துப்போய், யார் சொன்னது என்பதுபோல் சுற்றும்முற்றும் பார்த்தார். தெளிவான குரல், பழைய வில்ஃபின் குரல். எனிட் தேவாலயத்துப் பாடற்குழுவில் இருப்பவள். கெட்ட வார்த்தை காதில் விழுந்தால் எழுந்து போய்விடுகிற ரகம். அவள் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நர்ஸ் அழுகை என்று நினைத்து ஓடிவந்தாள். பாதி அழுகைதான். மீதி சிரிப்பு.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள் எனிட். "நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அவர் முயன்றார். வரவில்லை. ஆனால் அவர் முகத்தில் வருத்தமே இல்லை. உள்ளே இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட முகம் அது. பின்னாளில் கொஞ்சம் கொஞ்சமாக வேறு வார்த்தைகளும் வந்து சேர்ந்தன. டீ வந்தது, மழை வந்தது, ஜில்லின் பெயர் வந்தது. எனிட்டின் பெயர் வர இன்னொரு கோடை ஆயிற்று.

அன்று வார்டை விட்டு வெளியே வந்த எனிட்டுக்கு அகோரப் பசி. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் மீன் வறுவலும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கி, உப்பும் வினிகரும் தாராளமாகப் போடச் சொன்னாள். அவளுடைய பஸ் வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டு, வெளிமதில் மேல் உட்கார்ந்து, காகிதப் பொட்டலத்தை மடியில் பிரித்து வைத்துக்கொண்டு, விரல் சுடச்சுட நிதானமாகச் சாப்பிட்டாள்.