முதல் பெஞ்சுச் சுப்பையண்ணன்

கையைத் தூக்கிவிட்டு, பேராசிரியர் தலையசைத்த பிறகுதான் எழுந்திருப்பார் சுப்பையன். எழுந்ததும் சட்டையின் கீழ் விளிம்பை இரண்டு கையாலும் இழுத்துவிட்டுக்கொள்வார். பிறகு பக்கத்து வகுப்புக்கும் கேட்கிற குரலில் சொல்வார்: "புரியலீங்க சார். இன்னொருக்கா சொல்லுங்க."

வரலாற்றுப் பேராசிரியர் அருணாசலம் இன்னொரு முறை சொல்வார். சுப்பையன் தலையைச் சாய்த்துக் கேட்பார். சில நாள் உட்கார்ந்துவிடுவார். சில நாள், "இப்பவும் புரியலீங்க" என்று நின்றுகொண்டே இருப்பார். கடைசி பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். திரும்பிப் பார்த்து, சிரித்தவர்களோடு தானும் சிரித்துவிட்டு, மறுபடி பேராசிரியர் பக்கம் திரும்பிக்கொள்வார். பதில் வரும்வரை உட்கார மாட்டார்.

1997இல் நாமக்கல்லில் இளங்கலை வரலாறு சேர்ந்த எங்களுக்கெல்லாம் பதினேழு, பதினெட்டு வயது. அவருக்கு இருபத்து மூன்று. கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் போர்வெல் லாரியில் வேலைக்குப் போய், ஐந்து வருடம் ஆந்திராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தவர். உள்ளங்கை இரும்புக் குழாயைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போயிருக்கும். அதில் பேனாவைப் பிடித்தால், பேனா அவருக்குப் பயந்து அடங்கி நிற்பதுபோல் இருக்கும்.

எதையும் அடிக்கணக்கில்தான் சொல்வார். "பானிபட் வரைக்கும் எறநூறடி போயிட்டேனுங்க. இங்கிலீசுதான் பாறை. தொளைக்கற பிட்டு எறங்க மாட்டேங்குது."

கல்லூரிக்கு வந்த காரணத்தை ஒருநாள் பேருந்தில் சொன்னார். ஆந்திராவில் ஏதோ ஒரு ஊரில், ஒரு கல்லூரி வளாகத்துக்குள் கிணறு போட இவர்கள் லாரி போயிருக்கிறது. இரண்டு நாள் வேலை. லாரி நின்ற இடத்துக்கு நேரே ஒரு வகுப்பறை ஜன்னல். "உள்ளே வாத்தியாரு பேசறாரு, சன்னலோரமா ஒரு பையன் தூங்கறான். மிசினு போடற சத்தத்துலயும் தூங்கறானுங்க. அந்த எடத்துல என்னைய உட்கார வெச்சா நான் தூங்கமாட்டேனேன்னு தோணுச்சு. ரெண்டு நாளும் அந்தச் சன்னலத்தான் பாத்துட்டிருந்தேன்." அடுத்த ஜூன் மாதம் லாரியை விட்டு இறங்கிவிட்டார்.

மலைமேல் செம்மேட்டிலிருந்து கிளம்பும் முதல் பேருந்தில் வருவார். எழுபது வளைவு இறங்கி, காரவள்ளி தாண்டி அது சேந்தமங்கலம் வரும்போது நான் ஏறுவேன். அந்தப் பேருந்துக்கு ஒரு வாசனை உண்டு: பலாப்பழம், ஈரச் சாக்கு, வளைவில் வாந்தி எடுத்தவர்களுக்காக யாரோ பிழிந்த எலுமிச்சை. இப்போதும் எங்காவது எலுமிச்சை நறுக்கினால் எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது போலிருக்கும். சுப்பையன் மடியில் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதில் மடித்த வெள்ளைச் சட்டை. கல்லூரிக் குழாயில் முகம் கழுவி, அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு, மணி அடிப்பதற்குள் முதல் பெஞ்சில் இருப்பார்.

மலைக்குத் திரும்பும் பேருந்து மாலை ஐந்தரைக்குத்தான். எங்கள் வகுப்பு ஒன்றரைக்கே முடிந்துவிடும். மற்றவர்கள் சினிமாவுக்கோ வீட்டுக்கோ போவார்கள். சுப்பையன் மிச்ச நேரம் முழுவதையும் கல்லூரிக்கே கொடுத்தார். நூலகத்தில் அன்றைய பேப்பரை விளம்பரம் உட்படப் படிப்பார். தமிழ் மன்றத்தில் நாற்காலி போடுவார். நாற்காலி போட்டவர் என்பதால் பேசவும் விடுவார்கள். கபடி ஆடுவார். நாட்டு நலப்பணித் திட்டத்தில் கிணறு தூர் வாரப் போனபோது எங்களுக்கெல்லாம் அவர்தான் வாத்தியார். தாவரவியல் வகுப்புக்குப் போய், பின்வரிசையில் உட்கார்ந்துகொள்ள அனுமதி கேட்டார். "எதுக்குப்பா?" என்று அந்தத் துறைப் பேராசிரியை கேட்டதற்கு, "எங்க மலையில இருக்கற செடிக்கெல்லாம் வேற என்ன பேருன்னு தெரிஞ்சுக்கலாமுங்க" என்றாராம். மறுநாள் காலைப் பேருந்தில், மிளகு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், "பைப்பர் நைக்ரம் மேல உக்காந்திருக்கீங்க, தெரியுமா?" என்று கேட்டார். பெரியவர் பதறி எழுந்துவிட்டார்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் அத்தா அப்பாஸ் அலிக்கு சேந்தமங்கலத்தில் மிளகு மண்டி. "காலேஜுக்குப் போனமா வந்தமான்னு இருக்கணும் மெஹ்ரின்" என்று சொல்லித்தான் அனுப்பினார். நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் வருடம் முழுக்க, வருகைப்பதிவுக்குச் சொல்லும் ஒரு சொல்லைத் தவிர வகுப்பில் நான் வேறெதுவும் பேசியதில்லை. ஆனால் சுப்பையன் எழுந்து கேட்கும் கேள்வி பல நாள் என் மனதில் இருந்த கேள்வியாகவே இருந்தது. எனக்கும் சேர்த்து அவர் வெட்கப்பட்டார் என்று சொல்ல முடியாது. அவர் வெட்கப்படவே இல்லை.

இரண்டாம் வருடம் ஒருநாள் அருணாசலம் சார் ஏதோ கேட்டார். நான் நோட்டில் பதிலை எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன். வெளியே வந்ததும் சுப்பையன் நேரே வந்தார். "ஏனுங்க, உங்களுக்குத் தெரியுமில்லீங்க? எழுதினதைப் பாத்தேன். அப்பறம் ஏன் வாயத் தொறக்கல?"

"தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா சாரு திருத்துவாரு. அதுக்குத்தானே அவரு வாராரு?"

அவ்வளவுதான். அடுத்த வாரம் நான் கையைத் தூக்கினேன். சொன்ன பதில் தப்புதான். சார் திருத்தினார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வருடம் இராசிபுரத்தில் நடந்த வினாடிவினாவுக்குப் போன மூன்று பேரில் நானும் ஒருத்தி.

கடைசி பெஞ்சில் பிரவீன் என்று ஒருவன். நாமக்கல் டவுன் பையன். சுப்பையனுக்குத் "தாத்தா" என்று பெயர் வைத்தவன் அவன்தான். சுப்பையன் அதற்குக் கோபித்துக்கொள்ளாமல், தேர்வுக்கு முன்னால் அவனைத் தேடிப் போய், "தாத்தா வந்திருக்கேன் கண்ணு, இந்தப் பாடத்தைச் சொல்லிக்குடு" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சொல்லிக்கொடுப்பதற்காகவே பிரவீன் படிக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் வருடத்தில் இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள்.

எல்லாம் இப்படியே முடிந்திருக்கும். ஆனால் 2000ஆம் ஆண்டு மார்ச் முதல் வாரத்தில் இரண்டு நாள் தொடர்ந்து சுப்பையன் வரவில்லை. மூன்று வருடத்தில் அப்படி நடந்ததில்லை. மூன்றாம் நாள் பேருந்துக் கண்டக்டர் சொன்னார்: சுப்பையனின் அப்பா சின்னுசாமி, சில்வர் ஓக் மரத்தில் படர்ந்திருந்த மிளகைப் பறிக்கும்போது ஏணி சரிந்து விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு.

அந்த வாரக் கடைசியில் பிரவீன் மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வந்தவன் முகம் சரியில்லை. "மாமா பரீட்சை எழுதலையாம்" என்றான். தாத்தா எப்போதோ மாமாவாகியிருந்தார். மிளகு மரத்திலேயே கிடந்தது. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி பிடுங்காமல் முற்றிக்கொண்டிருந்தது. ஜவ்வரிசி மில்லுக்குக் கிழங்கு ஏற்றிப்போகிற லாரிக்காரர் ஒரு தேதி சொல்லியிருந்தார். அது தவறினால் வேறு லாரி கிடைக்காது. அம்மா பொன்னாயி ஒருத்தியால் படுத்திருக்கிறவரைத் தூக்கிப் புரட்ட முடியாது. மூன்று வாரத்தில் வகுப்பு முடியப்போகிறது. ஏப்ரலில் தேர்வு. அதில் அவருக்கு முதல் வருட ஆங்கிலமும் பாக்கி. இரண்டு முறை எழுதித் தவறியிருந்தார். அது தேறாமல் பட்டம் இல்லை.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"'காலேஜை நல்லாப் பாத்தாச்சு கண்ணு, போதும்'னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. எனக்குத்தான் அங்க நிக்க முடியல."

அடுத்த சனி, ஞாயிறு எங்கள் வகுப்புப் பையன்கள் பதினொரு பேர் மலையேறினார்கள். எழுபது வளைவில் ஆறு பேர் வாந்தி எடுத்தார்களாம். குச்சிக்கிழங்கைப் பிடுங்குவதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். இவர்கள் இழுத்த இழுப்பில் தண்டு கையோடு வந்தது, கிழங்கு பாதி மண்ணுக்குள்ளேயே நின்றது. பொன்னாயி தலையில் கை வைத்துக்கொண்டு, "சாமிகளா, நீங்க சாப்பிட்டுட்டுச் சும்மா உக்காந்திருந்தாப் போதும்" என்று கெஞ்சினாராம். ஆனால் அடுத்த வாரமும் போனார்கள். அதற்குள் கை பழகியிருந்தது. லாரி சொன்ன தேதிக்கு மூட்டை ஏறியது.

எனக்கு மலைக்குப் போக வழியில்லை. வீட்டில் கேட்கவும் தைரியமில்லை. பிரவீனிடம், "அவர் வீட்ல டேப் இருக்கா?" என்று கேட்டேன். போர்வெல் லாரியில் இருந்தபோது வாங்கிய ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் பழைய கேசட்டுகள் கிடந்தன. மாமா மகனின் நிக்காஹ் அன்று பதிவு செய்த கேசட்டின்மேல் வரலாற்றின் முதல் பாடத்தைப் படித்துப் பதிவு செய்தேன். பிறகு ஆங்கிலம்: ஒரு வரி ஆங்கிலத்தில், அதன் பொருள் தமிழில், மறுபடி ஆங்கிலத்தில்.

இரண்டாவது கேசட்டின்போது, அஸர் தொழுகை முடித்து வந்த அத்தா அறை வாசலில் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"யாருகிட்டப் பேசற?"

டேப்பை நிறுத்தினேன். மறைக்க நேரமில்லை. "கூடப் படிக்கிறவருக்கு அத்தா. மலையில இருக்காரு. அவரோட அப்பா மரத்துலருந்து விழுந்துட்டாரு. இவரு படிக்க முடியல. கேட்டுக்கிட்டே வேலை செய்யலாமேன்னு..."

அத்தா டேப்பைப் பார்த்தார். கல்லூரி அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

"யாரு, சின்னுசாமி மவனா?"

"ஆமா."

"நம்ம மண்டிக்குத்தான் மிளகு போடுவாரு. நல்ல மனுசன்." உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் நான்கு பெரிய பேட்டரிகள். "அங்க கரண்டு நிக்காது. இதையும் சேத்துக் குடுத்தனுப்பு." வாசல்வரை போனவர் நின்றார். "இங்கிலீசு நல்லாத்தான் படிக்கற நீ."

மூன்று வாரத்தில் ஒன்பது கேசட் போயிற்று. அந்த வீட்டில் என் குரலுக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டதாகப் பிரவீன் வந்து சொல்வான். சுப்பையன் அப்பாவுக்கு உடம்பு துடைத்துவிடும்போதும், மிளகு காயப்போடும்போதும் டேப் ஓடும். "அந்தப் புள்ள இன்னிக்கி என்ன சொல்லுது?" என்று கேட்டபடி பொன்னாயி அடுப்பில் விறகைத் தள்ளிவைப்பார். படுத்திருந்த சின்னுசாமிதான் எல்லோரையும் விட நன்றாகப் படித்தார். "கிளைவு வந்துட்டுப் போயிட்டான். அடுத்து வந்தவன் ஆருடா?" என்று மகனைக் கேட்பாராம். மகன் முழித்தால் அவரே சொல்லிவிடுவாராம்.

தேர்வன்று காலை பேருந்தில் சுப்பையனைப் பார்த்தேன். இளைத்திருந்தார். முதலில் அவர் சொன்னது: "பிளாசிப் போருக்கு அப்பறம் உங்க ஊட்டுக் கல்யாணம் வந்துருச்சுங்க. சோறு பத்தலைன்னு ஒரு அம்மா சத்தம் போடறாங்களே, ஆருங்க அது?"

"எங்கம்மா. மஹ்மூதா பீவி."

"நெனச்சேன். குரலு ஒண்ணாத்தான் இருந்துச்சு."

தேர்வு முடிவு வந்தபோது ஆங்கிலத்தில் நாற்பத்திரண்டு. தேற நாற்பது வேண்டும். அறிவிப்புப் பலகையின் முன்னால் பிரவீன் அவரைத் தூக்கிவிட்டான். "தண்ணி வந்துருச்சுங்க" என்று மட்டும் சொன்னார் சுப்பையன். கண்ணைத் துடைத்த ஈர விரலால் அந்த எண்ணைத் தடவிப் பார்த்தார்.

பிறகு எல்லோருக்கும் நடப்பது எங்களுக்கும் நடந்தது. நான் திருமணமாகி ஈரோடு போனேன், பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். பிரவீன் ஓசூருக்குப் போனான். சுப்பையன் அரசுத் தேர்வுகள் மூன்று எழுதினார், கிடைக்கவில்லை. தன் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் ரேஷன் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தார்.

போன மாதம், 2009 மே விடுமுறையில், கணவரோடும் மகளோடும் முதல்முறையாக மலைக்குப் போனேன். அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தும் அதுவரை போனதில்லை. கடையில் கூட்டம். தராசுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் சுப்பையன். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. இருப்புப் பலகையில் அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் எல்லாம் அழகான கையெழுத்தில். வரிசையில் நின்ற ஒருவர், நானும் சுப்பையனும் கல்லூரித் தோழர்கள் என்று தெரிந்ததும், "டிகிரி படிச்சுப்போட்டு இங்க வந்து அரிசி நிறுக்கறாரு பாருங்க" என்றார்.

சுப்பையன் அவருக்கு அளந்து போட்டு அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "மொத ரெண்டு வருசம் எனக்கும் வருத்தந்தானுங்க. சொல்றவங்க மூஞ்சியப் பாக்க முடியாது. இப்ப அப்பிடியில்ல. மூணு வருசம், எந்தக் கேள்விய வேணும்னாலும் கேளு, ஆரும் உன்னைய வேலைக்குப் போன்னு வெரட்ட மாட்டாங்கன்னு ஒரு எடம் கெடைச்சுது. அது எத்தன பேத்துக்குங்க கெடைக்குது?" பிறகு, "உங்க அத்தா சவுக்கியமா?" என்று கேட்டார். அத்தா இறந்து மூன்று வருடம் ஆகிறது என்றேன். துணியை எடுத்துத் தராசுத் தட்டைத் துடைத்தார்.

மதியம் கடையைச் சாத்தினார். திடீரென்று நினைவு வந்தவராக, "வாங்க வாங்க, பிரவீன் சாப்பிட வெளிய வர்ற நேரம்" என்று கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஆளுயரத்துக்கு ஒரு பாறை. சுற்றுவட்டாரத்தில் அதன் உச்சியில் மட்டும்தான் செல்போனுக்குச் சிக்னல் கிடைக்குமாம். வாரத்துக்கு ஒரு வகுப்புத் தோழரையாவது அதன்மேல் நின்று கூப்பிட்டுவிடுவாராம்; முப்பத்தாறு பேர் எண்ணும் அவரிடம் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். எண்ணை அழுத்திக் காதில் வைத்தார்.

"கண்ணு, ஆரு வந்திருக்காங்கன்னு சொல்லு பாக்கலாம்... இல்லீடா... அட இல்லீங்கறேன்... இரு, அவங்களே பேசுவாங்க."

போன் கீழே வந்தால் இணைப்பு அறுந்துவிடும். அதை ஒரு கையில் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி, பாறையின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என்னை மேலே ஏற்றிவிட இன்னொரு கையை நீட்டினார்.