மண்டபத்துக் கேஸ்

வக்கீலாகப் பதிவு செய்யும் விண்ணப்பத்தில் ஒரு கேள்வியைத் தவிர எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். உங்கள் மீது குற்ற வழக்கு ஏதும் உள்ளதா? அந்த இடத்தைப் பார்த்தாலே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தல்லாகுளத்தில் நான் தங்கியிருந்த அறைக்கும் டீக்கடைக்கும் நடையாய் நடந்தேன்.

சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கோடையில், திருமங்கலம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தோம். போலீஸ் எங்களை வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, மத்தியானம் சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். மண்டபத்தில் வைத்துச் சோறு போட்டு அனுப்பினால் அது கேஸே இல்லை என்பது எங்கள் ஊரின் அசைக்க முடியாத நம்பிக்கை. பேர் எழுதும்போது அம்மாதான் என்னை முன்னால் தள்ளினாள். வக்கீலுக்குப் படிக்கிற பிள்ளையின் பேர் முதலில் இருந்தால் ஊருக்கு மதிப்பாம். அந்த மதிப்பில், போலீஸ் போட்ட வழக்கில் முதல் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் ஆள், நான். வழக்கு இன்னும் முடியவில்லை என்பதே இப்போது தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கூடப் படித்தவர்கள் 'இல்லை' என்று போடச் சொன்னார்கள். யார் தோண்டப் போகிறார்கள் என்றார்கள். மறைத்தது தெரிந்தால் படித்த படிப்பே வீண்; சொன்னாலோ எவ்வளவு காலம் இழுத்தடிப்பார்களோ. எல்லார் மேலும் எரிச்சல் வந்தது, அம்மா மேல் கூடுதலாக. ஊருக்குப் போய், விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய போலீஸ் சான்றுக்காக விசாரிக்க வரும் ஏட்டையாவிடம் வாயே திறக்கக் கூடாது என்று அவளிடம் கறாராகச் சொன்னேன்.

ஏட்டையா வந்தார். கேஸ் ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா செம்போடு வந்து நின்றாள்.

"தண்ணி கேட்டு ரோட்டுல உக்காந்தோம்ல, அதுல இவ பேருதான் மொதல்ல ஏட்டையா. இந்தாங்க, குடிங்க. அதுக்கப்புறம் வந்த தண்ணிதான் இது."

அவர் அண்ணாந்து முழுச் செம்பையும் குடித்துவிட்டு, குனிந்து எழுத ஆரம்பித்தார்.

அன்றைக்கே நானும் 'ஆம்' என்று எழுதினேன். என்ன குற்றம் என்ற இடத்தில், குடிநீர் கேட்டு மறியல் செய்தது என்று எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. சும்மா சும்மா போனை எடுத்துப் பார்க்கிறேன். தண்ணி கேட்டதுக்கு எதுக்கு இம்புட்டு நாள் யோசிக்கிறாங்க என்று அம்மா கேட்கிறாள்.