பல் படம் போட்டவள்

எழுதுபொருள் கடை எதைக் கண்டாலும் சார்ட் அக்காவின் கால் தானாக உள்ளே திரும்பிவிடும். "பல் படம் இருக்கா?" என்பாள். கடைக்காரர் மேலடுக்கிலிருந்து சுருளை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்ததும் மேஜைமேல் விரிப்பாள். அகலத் திறந்த ஒரு வாய், மேலும் கீழுமாகப் பற்கள். அதை ஒருமுறை உள்ளங்கையால் நீவிவிட்டு, அடி மூலையில் அச்சாகியிருக்கும் கம்பெனி பெயரைப் படிப்பாள். மறுபடி சுருட்டி, ரப்பர் மாட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். வாங்கலையா என்று கேட்டால், "நான் போட்டதை நானே எதுக்குங்க வாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவாள். கூடப் போகும் எனக்குத்தான் கடைக்காரர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும்.

பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கும் சார்ட் படங்களை வரைவது அவள் தொழில். கண்ணால் பார்க்காத எதையும் அவளால் வரைய முடியாது. தவளையை வரைந்த நாட்களில் குளியலறை வாளியில் தவளை குடியிருந்தது. அந்த வீட்டில் ஒருவரும் நிம்மதியாகக் குளிக்கவில்லை. காதுப் படத்தில் இருப்பது அவள் தம்பியின் காது. நுரையீரலுக்காகக் கறிக்கடை வாசலில் போய் நின்றாள். "நெனச்சு வரைஞ்சா பொய் சொல்ற மாதிரி இருக்குடி" என்பாள் என்னிடம். பென்சிலில் போட்ட கோட்டின் மேலேயே மையை ஓட்டி, அந்தத் தாளையே அச்சிடும் கம்பெனியில் கொடுத்துவிடுவாள். மாதிரி, நகல் என்று எதுவும் தங்காது. ஒரு போட்டோவாவது எடுத்து வை என்று பக்கத்து வீட்டுக்காரியான நான் தொண்டை கிழியச் சொன்னேன். சரி சரி என்பாள், அவ்வளவுதான்.

பல் படத்துக்கு வாய் தந்தவர் அவள் கணவர். மாமாவுக்குச் செருப்புக்கடையில் வேலை. வருகிறவர்களின் காலைப் பார்த்துப் பேசினால் போதும் என்பதாலேயே அந்த வேலையை விரும்பினார் என்று நினைக்கிறேன். மேல்வரிசையில் ஒரு கோரைப்பல் பக்கத்துப் பல்லின் தோளில் ஏறி நிற்கும். கீழே முன்பல் ஒன்றின் முனை, சோடா மூடியைக் கடித்துத் திறந்த வீரத்தில் போய்விட்டது. பள்ளியில் பையன்கள் வைத்த பட்டப்பெயரை இன்றுவரை அவர் வாயால் சொன்னதில்லை. கல்யாணப் போட்டோவில்கூட உதடு ஒட்டியே இருக்கும். சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும்.

அப்படிப்பட்டவரை அக்கா ஜன்னலோரம் ஸ்டூலில் உட்காரவைத்து, தாடையை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, ஏறின பல்லையும் உடைந்த பல்லையும் உள்ளது உள்ளபடி வரைந்துவிட்டாள். அச்சாகி வந்ததைப் பார்த்து மனுஷன் ஆடிப்போனார். "ஸ்கூல் ஸ்கூலா என் வாயைத் தொங்க விட்டுட்டியே. யார் வாய்னு யாருகிட்டயும் மூச்சு விடாதே" என்றார். அக்கா சத்தியம் செய்து கொடுத்தாள். எனக்கே அவள் சொல்லவில்லை. ஒருநாள் அவர் கொட்டாவி விட்டபோது நானாகக் கண்டுபிடித்தேன்.

தன் படங்களையெல்லாம் சேர்த்துப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் போட வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. முதலில் பதிப்புரிமையைப் பதிவு செய்துவிட்டு வாங்க, இல்லையென்றால் வம்பு என்றார் அச்சகத்துக்காரர். பதிவு அலுவலகத்துக்குப் போனால், பல் படம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்றார்கள். பதிவு செய்தது கம்பெனி. வரைந்தவர் என்று எழுதியிருந்தது முதலாளியின் மருமகன் பெயர். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாலும் கோணலாகப் போகும் கை அது. மூலப் படத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "மழையில நனைஞ்சு போச்சும்மா" என்றாராம் முதலாளி. கையெழுத்துப் போட்டால் படம் அசிங்கமாகிவிடும் என்று அந்தக் காலத்தில் தடுத்தவரும் அவரே.

ஆட்சேபம் எழுதிக் கொடுத்தோம். விசாரணைக்கு மூன்று பேரும் போனோம். மாமா உள்ளே வராமல் கதவோரமே நின்றுகொண்டார். படைத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு என்பது ஒரு சாட்சி மட்டும்தான் என்று அதிகாரி பொறுமையாக விளக்கினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முத்திரை குத்திய சான்றிதழோடு மருமகன் நாற்காலியில் சாய்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருக்கிறான், உரிமை பிறந்தவள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். இது என்ன நியாயம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

கம்பெனி வக்கீல் படத்தை மேஜைமேல் விரித்தார். "பல்லு எல்லாருக்கும் பொது சார். யார் வரைஞ்சாலும் இப்படித்தான் வரும்" என்றார். மருமகன் தலையாட்டினான்.

"இது நீங்க போட்டதுதான்னு எதை வச்சும்மா சொல்றீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

அக்கா கதவோரம் நின்ற மாமாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பதில் அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சத்தியமாவது ஒன்றாவது என்று அவள் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அவள் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையாம்மா?" என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

அப்போது மாமா கதவோரத்திலிருந்து மேஜையருகே வந்தார். கை வழக்கம்போல வாய்க்குப் போனது. பிறகு மெல்ல இறங்கியது. படத்துக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயைத் திறந்தார்.

அக்கா எழுந்தாள். அவர் தாடையை இரண்டு விரலால் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, "இன்னும் கொஞ்சம் அண்ணாந்து காட்டுங்க" என்றாள்.