பறி பிடித்த வாய்

ஏரிக்கரை ஊரான தோணிரேவில் இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிற பெண்களுக்கு வேலை நேரத்தில் பேச்சுக் கிடையாது. இரண்டு கையும் ஏரிச் சேற்றுக்குள் இருக்கும். பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறி பல்லுக்கிடையில் இருக்கும். வாயைத் திறந்தால் பறி தண்ணீரோடு போய்விடும். விடிந்ததிலிருந்து உச்சிவரை கழுத்தளவு தண்ணீரில் ஊமைகளாக நகர்வார்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் என்ன நினைத்தார்களோ, முனியம்மாள் பாட்டுக் கட்டினாள்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி ஒரு தலைமுறை ஆகியிருந்த காலம் அது. முனியம்மாளுக்கு முப்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, பெற்ற பிள்ளையும் இல்லை. செத்துப்போன தங்கையின் மகள் தேவகி மட்டும் அவளோடு இருந்தாள். தேவகியின் நைனா சிங்காரம் முகத்துவாரத்தில் தோணி கவிழ்ந்து போனவன்.

கரையேறிப் பறியை வாயிலிருந்து எடுக்கும்போதே பிள்ளைகள் சூழ்ந்துகொள்ளும்.

"அத்தே, இன்னிக்கு இன்னா கட்டினே?"

"இருங்கடி, தாடையாவது கழண்டு வரட்டும்" என்று கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே தொடங்குவாள்.

ஒரு பிள்ளை தன் கையால் முதல் இறாலைப் பிடிக்கிற நாளில் அதற்கென்று ஒரு பாட்டுக் கட்டித் தருவாள். ஊர் பேர், பெற்றவர் பேர், அந்தப் பிள்ளையின் கோணங்கித்தனம் ஒன்று, எல்லாம் அதில் இருக்கும். முதல் பாதியை யார் பாடினாலும், அந்தப் பிள்ளை எங்கிருந்தாலும் ஓடிவந்து மறுபாதியைப் பாட வேண்டும். அதுதான் விளையாட்டு. கஞ்சி குடிக்கிற பிள்ளை வழியும் கையோடு ஓடிவரும்.

தேவகியின் பாட்டு இது:

"தோணிரேவு தேவகி, சிங்காரத்தின் சின்ன மக,
ஏரி நண்டைப் பிடிக்கப் போனா, என்ன ஆச்சு சொல்லுங்கடி?"

தேவகி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பதில் சொல்வாள்:

"நண்டு அவளைப் பிடிச்சுக்கிச்சு, நைனா பேரைக் கேட்டுச்சு,
சிங்காரம்னு சொன்னதுமே சலாம் போட்டுப் போயிடுச்சு!"

அப்பனை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் ஏரியில் நண்டுகள்கூட அவனுக்குச் சலாம் போடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

கருவாடு வாங்க வந்த சம்பந்தம் என்ற தரகன் ஒருநாள் நின்று கேட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இன்னாமே, இத்த இந்தச் சேத்துக்கு மட்டும் சொல்லிக்கினு கீறே? கடைத்தெருவுல வந்து சொல்லு. ஊரே சிரிக்கும்."

போனாள். வெள்ளிக்கிழமைச் சந்தையில் நெசவுக்காரர்கள், மரக்காயர்கள், கப்பலுக்குத் தண்ணீர்ப் பீப்பாய் உருட்டுகிறவர்கள் என்று நூறு பேர் நின்றார்கள். முதலில் ஓரமாகவே நின்றாள். தேவகிதான் முந்தானையை இழுத்து, "பெரிம்மா, என்னுத மொதல்ல பாடு" என்றாள். பாடினாள். பிள்ளை பதில் பாடியதும் சிரிப்பு அலை மாதிரி வந்து மோதியது. தமிழ் தெரியாத மாலுமிகள்கூடச் சிரித்தார்கள். அடுத்த வரிக்காக அத்தனை பேரும் மூச்சை அடக்கிக் காத்திருந்த அந்தக் கணத்தில் முனியம்மாளுக்குப் பசியும் தாடை வலியும் மறந்துபோயின. அதற்காகவே வாராவாரம் போனாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாருடைய பாட்டையும் பாடினாள். சம்பந்தம் எப்போதும் முன்வரிசையில் நின்று, "இன்னொரு தபா" என்பான். ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்துகொண்டான். தான் கட்டியதை ஒரு பெரிய மனிதன் மனப்பாடமாகச் சொல்கிறானே என்று அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

பிறகு மழை பொய்த்தது. மறுவருஷமும் பொய்த்தது. ஏரி பின்வாங்கி விளிம்பெல்லாம் உப்புப் பூத்தது. காட்டூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் பிள்ளைகளைப் பழவேற்காட்டுக்கு நடத்திக் கூட்டிப்போய்த் தரகர்களிடம் அரிசிக்கு விட்டுவிட்டு வந்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஒல்லாந்தர் கப்பலில் அடிமைகளாகக் கடல் தாண்டிப் போய்விடும், திரும்பாது என்பது எல்லாருக்கும் தெரியும். தோணிரேவில் யாரும் விற்கவில்லை. பெண்கள் இறாலைத் தேடி இன்னும் தூரமாகப் போனார்கள்.

ஒரு நண்பகலில் முனியம்மாள் நடு ஏரியில் இருந்தாள். காற்றோடு பிள்ளைக் குரல் ஒன்று மெலிசாக வந்தது. "சலாம் போட்டுப் போயிடுச்சு." வாயில் பறியோடு சிரித்துக்கொண்டாள். இந்தப் பஞ்சத்திலும் பிள்ளைகள் விளையாடுகின்றனவே என்று நினைத்தாள்.

கரைக்கு வந்தபோது தேவகியையும் சேர்த்து ஆறு பிள்ளைகள் இல்லை. குடிசை வாசலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த கிழவர் திருவேங்கடத்துக்குக் கண் சரியாகத் தெரியாது.

"தாழம்புதர்ப் பக்கம் ஆம்பள கொரலு பாடிச்சும்மா. ஒண்ணொண்ணா ஓடிச்சுங்க. உன் பாட்டாச்சேனு நான் சும்மா இருந்துட்டேன்" என்றார்.

மறுநாள் காலையில் முனியம்மாள் பழவேற்காட்டில் சம்பந்தத்தின் கிடங்கு வாசலில் நின்றாள். சம்பந்தம் அங்கே இல்லை. காவலுக்குக் கோதண்டம் என்பவன் இருந்தான். சந்தையில் அவள் பாட்டுக்குக் கைதட்டியவன்தான்.

"உள்ள கீறதெல்லாம் பெத்தவங்களே வுட்டுட்டுப் போனதும்மா" என்றான்.

"என் பொண்ணு அப்படி இல்லண்ணே. திருடிக்கினு வந்தது. உள்ள வுடு, காட்றேன்."

"உள்ள வுட எனக்கு உத்தரவு இல்ல." அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணு செய்யி. இங்கேந்தே கூப்டு. உன் பொண்ணுன்னா உன் கொரலுக்கு வந்துடும்ல? வந்தா இட்டுக்கினு போயிடு. நான் கண்ண மூடிக்கிறேன்."

கதவை ஒரு சாண் திறந்தான். உள்ளே இருட்டு. இருமல் சத்தம் மட்டும் கேட்டது.

முனியம்மாள் பாடினாள். "தோணிரேவு தேவகி, சிங்காரத்தின் சின்ன மக..." நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி பாடினாள். தெருவில் போனவர்கள் நின்றார்கள். சந்தைப் பாட்டுக்காரி வந்திருக்கிறாள் என்று இன்னும் நாலு பேர் கூடினார்கள். மற்ற ஐந்து பிள்ளைகளின் பாட்டையும் பாடினாள். பிறகு திரும்பவும் தேவகியுடையது. அப்படி அவள் எந்தச் சந்தையிலும் பாடியதில்லை. கூட்டத்தில் எவனோ ஒருவன் உற்சாகம் தாங்காமல், "நண்டு அவளைப் பிடிச்சுக்கிச்சு!" என்று மறுபாதியை எடுத்துப் பாட, எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

உள்ளேயிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை.

"வரலியேம்மா" என்று கோதண்டம் கதவைச் சாத்தினான். அவன் குரலில் கேலி இல்லை.

அடுத்த நாள் காலையில் தோணிகள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கப்பலுக்குப் போயின. காவல்காரர்கள் யாரையும் நெருங்க விடவில்லை. தோணிகள் முகத்துவாரத்தைத் தாண்டிய பிறகுதான் முனியம்மாளால் கரைக்குப் போக முடிந்தது. அங்கே மணலில் ஒரு சிறுமி கிடந்தாள். உடம்பெல்லாம் அம்மை அரும்பியிருந்தது. ஆகாதென்று இறக்கிவிட்டிருந்தார்கள். அது பக்கத்துக் குடிசை ராஜம்மா, காணாமல் போன ஆறு பேரில் ஒருத்தி.

மடியில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். "தேவகி உங்கூட இல்லியா?"

"இருந்தா அத்தே. எம்பக்கத்துலதான் இருந்தா."

"நான் பாடினது கேக்கலியா கண்ணு?"

"கேட்டுச்சே. நான் ஓடி வரலாம்னு எந்திரிச்சேன். அவதான் என் வாயப் பொத்திட்டா. 'போவாதீங்கடி, திருடன் இப்போ பெரிம்மா கொரல்லயே பாடறான்'னா."

கப்பலில் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

ராஜம்மா பிழைத்துக்கொண்டாள். மழையும் வந்தது, ஏரியும் நிறைந்தது. முனியம்மாள் அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இறால் தடவினாள். கரையேறினாலும் பறியை வாயிலிருந்து எடுக்கமாட்டாள். அதைக் கடித்தபடியே பிள்ளைகளைத் தாண்டிக் குடிசைக்குப் போவாள். பழைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். புதிய பிள்ளைகளுக்கு அவள் ஊமை என்றே நினைப்பு. முதல் இறாலைப் பிடித்த எந்தப் பிள்ளைக்கும் ஊரில் பாட்டு இல்லை.

கடைசியில் பல் போயிற்று. பறியைக் கடிக்க முடியாமல் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டாள். வாய் சும்மா இருந்தது. தினமும் கரையேறியதும் முகத்துவாரத்தைப் பார்த்து நின்று தேவகியின் பாட்டில் முதல் பாதியை மட்டும் மெல்லச் சொல்வாள். மறுபாதியைப் பாட ஒரு சின்னப் பெண்ணுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிற்பாள். அப்புறம் வீட்டுக்கு நடப்பாள்.