ஜெனரேட்டர் ரூம் செல்லையா

செல்லையா போயிட்டான்.

இன்னைக்குக் காலையில, விருதுநகர் ஆஸ்பத்திரியில. நுரையீரல்ல ஒண்ணும் மிச்சம் இல்லைன்னுட்டாக...

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்றேன். சிவகாசியில எங்க ஆப்செட் பிரஸ்ஸோட ஜெனரேட்டர் ரூமுக்கு அவன்தான் ஏகச்சக்கரவர்த்தி. ஜன்னல் இல்லாத அரண்மனை. காலி மை டின்தான் சிம்மாசனம்.

கரண்ட் கட் ஆரம்பிச்ச பிறகு நாள் பூரா டீசல்தான். நாங்க விடுற புகையில மதுரைக் கோழியெல்லாம் பொழுது அடைஞ்சிருச்சுன்னு கூட்டுக்குப் போயிரும். செல்லையா இருமினா, தாயில்பட்டியில வெடி டெஸ்ட் பண்றாகன்னு நினைப்போம்.

ஒரு நாள் முதலாளிகிட்ட போய் நின்னான்.

"கருவேலங்கட்டையை மூடுன அடுப்புல கருக்கினா ஒரு கேஸ் வரும் முதலாளி, அதுல எஞ்சின் ஓடும். வெயிலுக்கு சோலார், மேகம் மறைச்சா பேட்டரி, பேட்டரி இறங்குறதுக்குள்ள கேஸ் எஞ்சின். மூணும் மாத்தி மாத்தி ஷிப்ட் பாக்கட்டும். டீசல் வேண்டாம்."

"ஏலே, வெடி லேபிள் அடிக்கிற இடத்துல அடுப்பு வைக்கச் சொல்றியா? சீசன் முடியட்டும்லே."

விடலையே பய! எங்கெங்கயோ அலைஞ்சு பழைய எஞ்சின், லாரி பேட்டரி, ரெண்டு சோலார் தகடு கொண்டாந்து பிரஸ்ஸுக்குப் பின்னால மாட்டிட்டான். முதல் நாள் அது கக்குன கரியில முதலாளி வேட்டி கறுப்புக்கொடி மாதிரி ஆயிருச்சு.

அடுத்த நாள் ஓடுச்சு. ஜெனரேட்டர் ஆஃப்... கட்டிங் மெஷின் மட்டும் அவன் கரண்ட்டுல ஓடுது. அந்த அமைதியிலதான் எனக்கு ஒரு உண்மை தெரிஞ்சது. பக்கத்து மெஷின்காரன் இத்தனை வருஷமா பாட்டுப் பாடலை, என்னையத்தான் திட்டிட்டு இருந்திருக்கான்.

செல்லையா வாசல்ல நின்னு மூச்சை இழுத்தான். "மாமா... மை வாசம் அடிக்குது. இம்புட்டு நாளா தெரியவே இல்லையே."

அந்த வாரமே தீபாவளி லேபிள் ஆர்டர் வந்து குவிஞ்சது. பேப்பர் லோடு இறக்க இடம் இல்லைன்னு எல்லாத்தையும் கழட்டிப் போட்டாக. சீசன் முடிஞ்சு மாட்டிக்கலாமாம்.

எங்க ஊர்ல சீசன் எங்க முடியுது? லேபிள் முடிஞ்சா காலண்டர், காலண்டர் முடிஞ்சா டைரி... அவன் அதே ரூம்ல, அதே மை டின் மேல.

வேற வேலை கேட்டுப் பாத்தான். "உன்னைய விட்டா ஜெனரேட்டருக்கு யாருலே?"ன்னாக.

இன்னைக்கு அவனை வீட்டுல ஐஸ் பெட்டியில வச்சிருந்தோம். அவன் தம்பி திருப்பூர்ல இருந்து பஸ்ல வந்துக்கிட்டு இருந்தான். பத்து மணிக்குக் கரண்ட் போச்சு. வாடகைக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர் கொண்டாந்து வாசல்ல வச்சாக. புகை நேரா வீட்டுக்குள்ள...

அவன் பொண்டாட்டி எந்திரிச்சு வந்தா.

"அண்ணே, அதை நிப்பாட்டச் சொல்லுங்கண்ணே. அவுகளுக்குப் புகை ஆகாது."

"ஐஸ் இல்லாட்டி தம்பி வர்ற வரைக்கும் உடம்பு தாங்காதும்மா."

"தாங்காட்டி எடுத்துருங்க."

நிப்பாட்டினோம். மத்தியானமே எடுத்தாச்சு. தம்பி அப்பத்தான் திண்டுக்கல் தாண்டியிருந்தானாம்.

போயிரு மாப்ள... இங்கன நிக்காத.