பூட்டு யாருக்கு?

ஞானசேகரம் அண்ணை காலமான செய்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கைபேசிகளுக்கு வந்தது. இறால் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் எல்லோரும் அதை வாசித்தோம். லிங்கநகரில் தனியாக இருந்தவர். கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரியில் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்தான் கூட நின்றாராம்.

அவரை அறிந்த உங்களில் பலர் அவரைக் ‘கொம்பனியைப் பூட்ட வைத்தவர்’ என்றே சொல்வீர்கள். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குளிரூட்டும் இயந்திரங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. அமோனியாக் குழாய்கள் துருப்பிடித்துவிட்டன என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ‘பிறகு பார்க்கலாம்’ என்று எழுதிப் பணிப்பாளர் ஒப்பமிட்டார். ஒரு காலையில் குழாய் வெடித்தது. குச்சவெளியிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும் தவமணிக்கு ஒரு கண்ணில் பார்வை போனது. இயந்திரத்தைக் கவனித்தவரின் பிழை என்றது கொம்பனி. அண்ணை அந்தக் கடிதங்களின் பிரதிகளை அதிகாரிகளிடம் கொடுத்தார். அடுத்த வாரம் தொழிற்சாலைக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்தார்கள். பணிப்பாளர் கொழும்பில் சுகமாக இருந்தார். தெருவில் நின்றது நாங்கள்.

அன்று வாசலில் அவரை மறித்துக் கத்தியவள் நான்தான். “எங்கட வயித்தில அடிச்சிட்டீங்கள், அண்ணை. என்ர பிள்ளையளுக்கு இனி நீங்களோ சோறு போடப் போறீங்கள்?”

அவருக்குக் கோபம் வரவில்லை. “தவமணியின்ர முகத்தைப் பாத்து நான் என்ன சொல்லுறது, பிள்ளை?” என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு அவர் தேத்தண்ணிக் கடைக்குள் வந்தால் எங்கள் ஆட்கள் வாங்கிலிருந்து எழும்பிப் போனார்கள்.

குழாய் வெடித்ததற்காகக் கொம்பனிமேல் வழக்குப் போட்டார்கள். அவர் சாட்சி சொன்ன நாளில் நாங்கள் நீதிமன்றத்தின் பின்வரிசையில் இருந்தோம். இத்தனை குடும்பங்கள் பட்டினி கிடக்கின்றன, ஆகவே வழக்கை விட்டுவிட வேண்டும் என்றார் கொம்பனியின் சட்டத்தரணி. எங்களைக் காட்டித்தான் சொன்னார். அண்ணை பேச அனுமதி கேட்டார்.

“ஐயா, கேற்றில பூட்டுப் போட்டால் தண்டனை இந்தப் பிள்ளையளுக்குத்தான். சும்மா திறந்து விட்டால் தவமணிக்கு நியாயம் இல்லை. ‘பிறகு பார்க்கலாம்’ எண்டு எழுதினது ஆர் எண்டு கடிதத்தில கிடக்கு. அவரைக் கூப்பிடுங்கோ. குழாய் மாத்தி முடியுமட்டும் இவையின்ர சம்பளத்தை நிப்பாட்ட ஏலாது எண்டும் சொல்லுங்கோ.”

நீதவான் அவர் சொன்னதை ஏற்றார். பணிப்பாளர் கூண்டில் ஏறினார், பிறகு சிறைக்கும் போனார். புதுக் குழாய்கள் வந்தன. மூடிக் கிடந்த மாதங்களுக்கும் எங்களுக்குச் சம்பளம் கிடைத்தது. கதவு திறந்த அன்று எல்லோரையும் உள்ளே எடுத்தார்கள், அண்ணையைத் தவிர. வயது போய்விட்டதாம். ஏன் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. முதலில் பயம், பிறகு அவர் முகத்தில் விழிக்க வெட்கம்.

கடைசியாக அவரை மரக்கறிச் சந்தையில் கண்டேன்.

“எல்லாரும் வேலையில நிக்கிறியளோ, பிள்ளை?”

“ஓம், அண்ணை.”

“மெஷின் அறைப் பக்கம் மணம் ஏதும் வருதோ?”

“இல்லை, அண்ணை.”

“அப்ப சரி.”

பையைத் தூக்கிக்கொண்டு போனார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

செத்தவீட்டில் கதிரைகள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன. தவமணி தலைமாட்டில் இருந்தாள். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டாள்.

நேற்று மேற்பார்வையாளர் பாதுகாப்புப் பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டி, எல்லாம் சரியென்று தொழிலாளர் சார்பில் ஒப்பமிடச் சொன்னார். பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று எழும்பினேன். இறால் உரிக்கும் மேசைகளில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இயந்திர அறைவரை தனியாகவே நடந்தேன். அண்ணையிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அந்த நடை ஒன்றுதான்.